அப்பா சொன்ன ரிசல்ட்

நேற்று மாலை ஒகிதா வீட்டுச் சமையலறையில் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "பாஸ்." அது பொய். அதோடுதான் போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது மிஹாரு, ஒகிதா தெத்சுயா - சதோகோ தம்பதியின் ஒரே மகள். யோகோஹாமாவில் ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நான்காம் வகுப்பிலிருந்தே அவள் டியூஷன் சென்டருக்குப் போகிறாள். எல்லாம் பிப்ரவரி முதல் தேதிக்காக. அன்று காலை, குன்றின் மேலிருக்கும் பெண்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு நுழைவுத் தேர்வை எழுதினாள். வீட்டில் அதற்கு மேட்டுப் பள்ளி என்று பெயர். மாலையே ரிசல்ட் போனில் வந்துவிட்டது. சதோகோ பட்டியலைத் தேடித் தேடிப் பார்த்தாள். மகளின் எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது. அவள் எண்ணுக்கு அடுத்த எண்ணும் இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பிப்ரவரியின் முதல் சில நாட்கள் இப்படித்தான் இருக்கும். ஒரு பள்ளியின் ரிசல்ட்டும் அடுத்த பள்ளியின் பரீட்சையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். பெயிலான செய்தியை அடுத்த பரீட்சைக்கு முன்னால் பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஜனவரியிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். ஒகிதா தம்பதியும் பேசி வைத்திருந்தார்கள். பெயில் என்றால் "இன்னும் வரலை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு மிஹாரு வந்து நின்று "வந்துடுச்சா?" என்று கேட்டதும், தெத்சுயாவுக்குப் பேசி வைத்தது எல்லாம் மறந்துபோனது.

பாஸ் என்றார். சொன்னதோடு நிற்காமல் இரண்டு கையையும் தூக்கி ஆடினார். சதோகோ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

விடிந்தால் இரண்டாவது பள்ளியான ஆற்றங்கரைப் பள்ளியின் பரீட்சை.

மிஹாரு எழுந்து வருவதற்குள் கணவனும் மனைவியும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள். இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் சதோகோ. பெயில் என்று தெரிந்த பிள்ளை பென்சிலைக்கூடத் தொடாது என்றார் தெத்சுயா. இன்றைக்கு ஆற்றங்கரைப் பள்ளியில் பாஸாகட்டும், கையில் ஒன்று வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், குழந்தைதானே, மறந்துவிடும் என்றார்.

"இதுலயும் வரலைன்னா?" என்று கேட்டாள் சதோகோ.

"அவளுக்கா வராது? அவ மூளை அப்படி" என்று சொல்லிக் குழாயை மூடினார். கண்ணாடியில் பார்த்தால் அவர் முகமே வெளிறிக் கிடந்தது.

தெத்சுயாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரை மோசமானவர் என்று நினைத்துவிடுவீர்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவரைப் பெற்றவர் நுமாஸுவில் தகரப் பட்டறை வைத்திருந்தார். மகன் என்ன செய்துகொண்டு வந்தாலும் "உன் மண்டைக்கு இது போதும்" என்ற ஒரே பதில்தான். அந்த மனிதர் செத்த வீட்டிலேயே தெத்சுயா முடிவு செய்துவிட்டார். தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் காதில் நல்ல வார்த்தை தவிர வேறொன்றும் விழக் கூடாது. பிறந்தாள் மிஹாரு. மூன்று வயதில் ரயிலில் போகும்போது நிலையப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரிடமும் தெத்சுயா சொன்னார், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே வருகிறது என்று. அன்றிலிருந்து அதுதான் அவருடைய பல்லவி. படிக்காமலேயே வருது. பார்த்ததும் போட்டுட்டா. இதைப் போய்க் குற்றம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு மிஹாரு சிரித்துக்கொண்டே வந்தாள். சோறு, மீன், முட்டை, மிசோ சூப், எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். வழக்கமாகப் பரீட்சை நாளில் அவளுக்கு ஒரு கவளம் இறங்காது. அவள் சாப்பிடச் சாப்பிட சதோகோ பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நம்பிவிட்டாளே என்று பயந்தாள்.

"அப்பா, மேட்டுப் பள்ளியில சேர்றதுக்குப் பெரிய கவர் ஒண்ணு குடுப்பாங்கல்ல? அதை இன்னிக்கே போய் வாங்கணுமா?" என்று கேட்டாள் மிஹாரு.

தெத்சுயாவுக்குப் புரையேறியது. அதை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று இருமிக்கொண்டே சொன்னார். அந்தக் கவரை வாங்கிக்கொண்டு பள்ளி வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். பாஸானவர்கள் வீட்டு வரவேற்பறையில் எல்லாம் அந்தப் போட்டோ இருக்கும். சதோகோ பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

"அதான் பாஸாயிட்டேனே. இன்னிக்கு எதுக்கு எழுதணும்?"

"சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான். உனக்கென்ன, போய் உக்காந்தாலே வந்துடும்" என்றார் தெத்சுயா. கிளம்பும்போது மகளின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். மிஹாரு அந்தக் கையின் கீழ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றங்கரைப் பள்ளியின் வாசலில் அந்தக் குளிரிலும் கூட்டம் நெரிந்தது. டியூஷன் சென்டர் ஆசிரியர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். தங்கள் பிள்ளைகள் வர வர ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரு வார்த்தை சொல்லி உள்ளே அனுப்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் ரிசல்ட்டும் அவர்களுக்குத் தெரியும். பெற்றோர் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சென்டரின் விதி. சதோகோவும் தெரிவித்திருந்தாள். கூடவே, வீட்டில் நடந்ததை எழுதி, தயவுசெய்து மிஹாருவிடம் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாள்.

ஆசிரியர்கள் காட்டிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கோதோமி வருவாள் என்று சதோகோ நினைத்துப் பார்க்கவில்லை.

கோதோமி, டியூஷனில் மிஹாருவோடு ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்தவள். அவளும் நேற்று மேட்டுப் பள்ளியில் எழுதியிருந்தாள். கண்ணிரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நேராக வந்தாள். அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எனக்குப் போச்சு. உனக்கு?"

ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றலாம் என்று சதோகோ யோசிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"பாஸ்" என்றாள் மிஹாரு, தன் ஷூவைப் பார்த்து.

கோதோமி கொஞ்சம் குனிந்து, முறையாக வாழ்த்துச் சொன்னாள். நல்ல வளர்ப்பு. நிமிர்ந்த பிறகுதான் கேட்டாள், கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல். "அப்புறம் ஏன்டி இங்க வந்தே? நீ எழுதினா எங்களுக்கு ஒரு இடம் குறையும்ல?"

கோதோமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தன் புருஷன் சொன்ன பொய் வீட்டு வாசலைத் தாண்டி வந்து இன்னொருத்தி பெற்ற பிள்ளையையும் குத்திவிட்டுப் போனதை சதோகோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கணக்கு எடுக்கும் மகினோ சார் மிஹாருவின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசுக்காரர், குளிரில் உதடு வெடித்திருந்தது. மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதுபோல் தைரியமாக எழுது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை.

"கணக்குப் பேப்பர்ல ரப்பரைத் தொடாத. தப்புன்னா ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல எழுது. சரியா?"

மிஹாரு தலையை ஆட்டினாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

அவள் கண்ணுக்கு மறைந்ததும் சதோகோ அவரைப் பிடித்துக்கொண்டாள். அது என்ன ரப்பர் கதை என்று கேட்டாள். மகினோ சார் கொஞ்சம் தயங்கினார். ரிசல்ட்டை மறைத்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன், தலைகீழாகச் சொன்னவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். நேற்றுப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் சென்டருக்கு வந்து, உள்ளே என்ன எழுதினோமோ அதை அப்படியே மறுபடி எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் செய்வதுதான். மிஹாருவின் தாளில் பெரிய கணக்குகள் இரண்டுக்கு வெறும் விடை மட்டும் இருந்தது, அதுவும் தப்பு. எப்படிப் போட்டாள் என்று சார் கேட்க, அவள் படிப்படியாகச் சொல்லியிருக்கிறாள். வழி சரி. கடைசியில் ஒரு கழித்தலில் சறுக்கியிருந்தாள். அந்தப் பள்ளியில் வழிமுறைக்குப் பாதி மார்க்குக்கு மேல் உண்டு. வழிமுறையைத் தாளில் எழுதினாயா என்று கேட்டதற்கு, எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன் என்றாளாம்.

"ஏன் அழிச்சேன்னு கேட்டேன், மிஹாரு அம்மா. 'இவ்வளோ கஷ்டப்பட்டுப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுடும்ல'ன்னா."

சதோகோ வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் முழுக்க அவளிடம் சொல்லிப் பார்த்ததாக மகினோ சார் சொன்னார். வகுப்பில் தலையை ஆட்டுவாள், மறுநாள் மறுபடியும் வெள்ளையாகத் தாளை நீட்டுவாள். தெரியாத கணக்கு வந்தால் முயற்சி செய்து பார்ப்பதே இல்லை, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வயிறு வலிக்கிறது என்பாள். உங்களிடம் முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் கையைப் பிடிக்கப் போய்விட்டார்.

பெற்றோர் காத்திருக்கும் இடம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். வரிசையாக மடக்கு நாற்காலிகள். எல்லோரும் கருநீல உடையில், உள்ளே போட வீட்டிலிருந்து கொண்டு வந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கையைச் சூடாக்கும் சின்னப் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

சதோகோவின் போன் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அனுப்புகிறவர்கள் எல்லாம் தெத்சுயா பக்கத்துச் சொந்தக்காரர்கள். நேற்று மாலை அவருடைய அக்கா மசாயோ போனில் கூப்பிட்டபோது மிஹாரு பக்கத்திலேயே இருந்ததால், அவரிடமும் பாஸ் என்றே சொல்ல வேண்டியதாகிவிட்டது. மசாயோவிடம் ஒரு செய்தி போனால் போதும், குடும்பம் முழுக்கப் போய்விடும். வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. படிக்காமலேயே பாஸாமே. நம் வம்சத்திலேயே இப்படி ஒரு மூளை கிடையாது. சதோகோ போனைப் பையின் அடியில் போட்டு, அதன் மேல் கோட்டை வைத்து அமுக்கினாள். அப்படியும் உறுமியது.

கணக்குத் தேர்வு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்து, பெரிதாக அச்சடித்த கேள்வித்தாளைச் சுவரில் ஒட்டினார். அப்பாக்கள் சிலர் பென்சிலோடு எழுந்து போனார்கள். சதோகோவும் போய் நின்றாள். இரண்டாவது கணக்கு தண்ணீர்த் தொட்டி சம்பந்தப்பட்டது, பார்த்தாலே கண்ணைக் கட்டியது. பக்கத்தில் ஒரு அப்பா போட்டு, அடித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தாள் முழுக்கக் கிறுக்கலாக இருந்தது. அவர் அதை யாரிடமும் மறைக்கவில்லை.

சதோகோவால் அங்கே நிற்க முடியவில்லை. தினமும் காலையில் மகளின் மேஜையில் இருந்து ரப்பர் தூளை வழித்துப் போட்டவள் அவள்தான். எவ்வளவு சுத்தமாக எழுதுகிறாள் குழந்தை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வழித்திருக்கிறாள். கஷ்டப்படுவது கேவலம் என்று அந்த வீட்டில் யாரும் மிஹாருவிடம் சொன்னதில்லை. சுலபமாகச் செய்ததை மட்டும் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஊருக்குச் சொன்னார், அம்மா பக்கத்தில் நின்று சிரித்தாள். மற்றதைக் குழந்தை தானே புரிந்துகொண்டுவிட்டது.

இப்போது உள்ளே அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்? இதிலும் வராமல் போய், அதன் பிறகு நேற்றைய உண்மையும் தெரிந்தால், அந்தப் பிள்ளை தாங்குமா? தங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருப்பது சதோகோவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. ஏன் அது ஞாபகம் வந்தது என்று அவளே பயந்துபோனாள்.

மணி அடித்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அழைத்து வந்து கூடத்தின் வாசலில் விட்டார்கள். ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையைக் கண்டதும் எழுந்தாள். கோதோமி வந்தாள், தன் அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசி வகுப்பும் வந்துவிட்டது. மிஹாரு வரவில்லை.

சதோகோ எழுந்து ஓடினாள். வாசலில் நின்ற ஊழியரிடம் மகளின் எண் இருந்த சீட்டை நீட்டினாள். அந்த இடைவெளியில் கோதோமி அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்து, மொழிப்பாடப் பரீட்சை முடிந்ததும் மிஹாரு வெளியே போனாள், அதற்கப்புறம் அவள் இடத்துக்குத் திரும்பி வரவில்லை என்றாள்.

அந்த ஊழியர் சீட்டை வைத்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் சதோகோ மனதில் எங்கெங்கோ போய் வந்துவிட்டாள். பள்ளிக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

மருத்துவ அறையில் இருக்கிறாள் என்றார் ஊழியர்.

மிஹாரு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. முதல் பரீட்சை முடிந்ததும் காலையில் சாப்பிட்டது அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது என்றும், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னதாகவும், மேஜை போட்டுக் கொடுத்ததாகவும் அங்கிருந்த நர்ஸ் டீச்சர் சொன்னார். மணி அடிக்கிறவரை எழுதினாள், பேப்பரை வாங்கும்போது பென்சிலைப் பிடுங்க வேண்டியிருந்தது என்றார். பிறகு வெந்நீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

சதோகோ மகளின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலைன்னா காலையில ஏம்மா அவ்வளோ சாப்பிட்டே?"

"சாப்பிடலைன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்ல."

"என்ன சந்தேகம்?"

மிஹாரு தன் கையைப் பார்த்தாள். விரல் ஓரமெல்லாம் பென்சில் கறை.

"எனக்கு நேத்தே தெரியும்மா. குளிக்கப் போறதுக்கு முன்னாடியே டேப்லெட்ல பார்த்துட்டேன். குளிச்சிட்டு வந்து, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டுச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள அப்பா பாஸ்னு சொல்லிட்டாங்க."

சதோகோ நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல, நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு நினைச்சேன். ராத்திரி மறுபடியும் பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் யோசிச்சேன். அப்பாவுக்குப் பெயில்ங்கிற வார்த்தையைச் சொல்லவே வாய் வரலைல்ல? அப்ப அது அவ்வளோ மோசமான விஷயம்தானே, அம்மா?"

இல்லை என்று சொல்ல சதோகோ வாயெடுத்தாள். மகளின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். நீ கெட்டிக்காரி, உனக்கு ஒன்றும் ஆகாது என்று பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினாள். அதை விழுங்கிய பிறகு, சொல்ல வேறொன்றும் தன்னிடம் இல்லை என்று தெரிந்தது.

மிஹாருதான் பேசினாள். இரண்டாவது கணக்கு வரவில்லை என்றாள். மூன்று தடவை போட்டாளாம், மூன்றும் வேறு வேறு விடை. ஒன்றையும் அழிக்கவில்லை, எல்லாம் அப்படியே தாளில் இருக்கிறது, திருத்துகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சதோகோ கேட்டாள். "மூணாவது தடவை எப்படிப் போட்டே?"

மிஹாரு அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ரயில் நிலையம் வரைக்கும் அவள் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். சதோகோவுக்குப் பாதி புரிந்தது. ரயில் மேடையில் நின்றபோது மட்டும் மகளின் கையைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டாள்.

தெத்சுயா அன்று பாதி நாள் லீவு சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். ஆற்றங்கரைப் பள்ளியின் ரிசல்ட் பொழுது சாயும்போது வரும். ஷூவைக் கழற்றும்போதே எப்படி எழுதினாள் என்று கேட்டார். அம்மா எதுவும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மிஹாரு வழியிலேயே சொல்லியிருந்தாள். அதனால் சதோகோ தேநீர் ஊற்றிவிட்டு மேஜையருகில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நான் நேத்து பெயில். எனக்குத் தெரியும்" என்றாள் மிஹாரு.

தெத்சுயா முதலில் மனைவியை முறைத்தார். யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன், நீங்கள் பாஸ் என்று சொல்வதற்கு முன்னாலேயே பார்த்தேன் என்று மிஹாரு சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று மாலை இரண்டு கையையும் தூக்கி ஆடியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காது மடல்வரை சிவந்துபோனார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பள்ளிக்குத்தான் குடுத்து வைக்கலைம்மா. உன்னை மாதிரி ஒரு புத்திசாலி..."

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்க."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் தெத்சுயாவின் கை, அவள் தலைக்குப் போகிற வழியில், அப்படியே நின்றது.

"நீங்க புத்திசாலின்னு சொல்றப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு. சின்ன வயசுல இருந்தே. அடுத்த தடவை வரலைன்னா நான் அது இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்ல."

தெத்சுயா கையை இறக்கி மேஜை மேல் வைத்தார். ஒரு ரயில் போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளையின் காதில் நல்ல வார்த்தை தவிர எதுவும் விழக் கூடாது என்று பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த மனிதர். அவர் கண் கலங்கியது; கல்யாணமான நாளிலிருந்து சதோகோ அதைப் பார்த்ததில்லை.

"அப்ப நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. மகளிடம் வழி கேட்பதுபோலவே கேட்டார்.

மிஹாரு நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலைப்பா" என்றாள்.

வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ரிசல்ட் வரும் நேரம் ஆகிவிட்டது. மேஜை நடுவில் சதோகோவின் போன் கிடந்தது. தெத்சுயா பழக்கத்தில் கையை நீட்டினார். மிஹாரு போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்றைக்கு நானே பார்க்கிறேன், நானாகச் சொல்கிறவரை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசக் கூடாது என்றாள். பெற்றவர்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள்.

அவள் தன் எண்ணைத் தட்டினாள். குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேற்றும் இப்படித்தான் பார்த்திருப்பாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. இன்று எதிரே அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தால் என்ன சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.